இழுவை ஊர்திகளும் பக்கக் கண்ணாடிகளும்

களனி கங்கை கடலோடு கலக்குமிடத்தை அடுத்திருத்தலால் முகத்துவாரம் என்னும் பெயர் கொழும்பின் வடபகுதிக்கு அமைந்தது. சிங்கள மொழியில் வழங்கும் மோதறை என்ற பெயரின் பொருளும் அதுவே. ஆற்றின் வாயிலாற் பெயர்பெற்ற இவ்விடத்தின் இன்றைய வாழ்க்கையை நிருணயிப்பது துறைமுகத்தின் வாயிலாகும். துறைமுகத்தினின்று வெளிப்படும் கொள்கலன் ஊர்திகள் இங்குருகடே சந்தியை அணைந்து களனி கங்கையைக் கடந்து நாட்டின் பல திசைகளுக்கும் செல்கின்றன. 2013இல் திறக்கப்பட்ட கட்டுநாயக்கா அதிவேக நெடுஞ்சாலையும், 2021 நவம்பரில் திறக்கப்பட்ட புதிய களனிப் பாலமும் அவற்றின் வழியை ஓரளவு இலகுவாக்கின. எனினும், முச்சக்கர வண்டியும் துவிச்சக்கர வண்டியும் பாடசாலைப் பிள்ளைகளும் நெருங்கிச் செல்லும் வீதிகளிலேயே அவ்வூர்திகள் இன்றும் திரும்பவேண்டியிருக்கின்றது. நாற்பதடிப் பெட்டியொன்றை இழுத்துத் திரும்பும் சாரதிக்குத் தன் முதுகுக்குப் பின்னால் நிகழ்வதை அறிவிப்பவை இரு பக்கங்களிலும் பொருத்திய சில கண்ணாடித் துண்டுகளே. அவை எவற்றைக் காட்டுகின்றன, எவற்றை மறைக்கின்றன, எவ்வாறு தெரிந்தெடுத்துப் பொருத்தப்படல் வேண்டும் என்பன பௌதிகவியலின் எளிய விதிகள் சிலவற்றைக் கொண்டே விளங்கத்தக்கன.

மாட்டுவண்டிக் காலத்தில் இவ்வினா எழவில்லை. வண்டிக்காரன் தலையைத் திருப்பினாற் போதும்; வண்டியின் வேகமும் அதற்கு இடங்கொடுத்தது. மோட்டார் ஊர்தி வந்தபின்னரே பின்னோக்கும் கருவி தேவையாயிற்று. 1909ஆம் ஆண்டில் டொரதி லெவிற் என்னும் ஆங்கிலப் பெண்மணி, மோட்டார் ஓட்டும் பெண்களுக்காக எழுதிய நூலொன்றில், கைக்கண்ணாடியொன்றை உடன் வைத்திருந்து இடையிடையே உயர்த்திப் பின்னே பார்த்துக்கொள்ளுமாறு அறிவுரை கூறினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1911இல், அமெரிக்காவின் இந்தியானாபோலிஸ் ஓட்டப்போட்டியில் றே ஹரூன் என்பவர் தம் வண்டியில் ஆடியொன்றைப் பொருத்தி ஓடி வெற்றி பெற்றார். மற்றைய வண்டிகளிலே பின்னே வருவோரைப் பார்த்துச் சொல்வதற்கு ஓர் உதவியாள் அமர்ந்திருந்தான். ஹரூனின் வண்டியில் அவ்வேலை ஆடியைச் சார்ந்தது. ஆயின் செங்கல் பாவிய ஓடுபாதையில் ஆடி ஓயாது அதிர்ந்தமையால் தெளிவாக ஒன்றும் தென்படவில்லை என்று அவரே பின்னர் கூறியதாக அறியப்படுகின்றது. அவ்வதிர்ச்சி இன்றும் தீர்ந்தபாடில்லை. அதனைப் பின்னர் நோக்கலாம்.

தனியாக ஓடும் காரிலே சாரதியின் தலைக்கு முன் தொங்கும் உட்கண்ணாடியே தலைமையானது. பின்னால் ஒரு ட்ரெயிலரைக் கொளுவியதும் அது பயனற்றதாகின்றது. அதிற் தெரிவது ட்ரெயிலரின் முன்சுவர் ஒன்றே. எனவே முழுப்பொறுப்பும் இரு பக்கக் கண்ணாடிகளின்மேல் விழுகின்றது. அவை தம் பொறுப்பை நிறைவேற்றுமா என்பதைத் தீர்மானிப்பது, கண்ணாடியின் வெளியோரம் ட்ரெயிலரின் பக்கத்துக்கு உள்ளே நிற்கின்றதா வெளியே நிற்கின்றதா என்பதே. சில அங்குலங்கள் சம்பந்தப்பட்ட இவ்வேறுபாடு அற்பமானதாகத் தோன்றலாம். கணக்கிட்டுப் பார்ப்பின் அஃது அற்பமன்று.

இழுக்கும் ஊர்தியின் அகலம் 1.75 மீற்றர் எனவும், ட்ரெயிலரின் அகலம் 2.3 மீற்றர் எனவும் கொள்க. ஒவ்வொரு பக்கத்திலும் ட்ரெயிலர் 27.5 சதமமீற்றர் புறத்தே நீண்டிருக்கும். ஊர்தியோடு வந்த பக்கக் கண்ணாடியின் வெளியோரம் கதவினின்று 20 சதமமீற்றர் தள்ளி நிற்பதாகவும், ட்ரெயிலரின் முன்மூலை கண்ணாடிக்கு 5 மீற்றர் பின்னே இருப்பதாகவும் வைத்துக்கொண்டால், கண்ணாடியின் வெளியோரத்தையும் அம்மூலையையும் தொட்டுச் செல்லும் பார்வைக்கோடு ஒவ்வொரு மீற்றருக்கும் 1.5 சதமமீற்றர் வீதம் புறத்தே விலகிச் செல்லும். முப்பது மீற்றர் பின்னால் அக்கோடு ட்ரெயிலரின் பக்கத்தினின்று 37.5 சதமமீற்றர் அப்பாற் சென்றுவிடும். அக்கோட்டுக்கு உட்பட்ட யாவும் மறைவிடமாகும். வலப்பக்கக் கோடும் இடப்பக்கக் கோடும் இவ்வாறே ஒன்றையொன்று விட்டு விலகிச் செல்லுதலால் அவை ஒருபோதும் சந்திப்பதில்லை. நேரான வீதியில் அவ்வண்டியின் நேர்பின்னே வரும் மோட்டார் சைக்கிள், 10 மீற்றரிற் பின்தொடரினும் 100 மீற்றரிற் பின்தொடரினும், சாரதியின் கண்ணுக்கு இல்லாத பொருளேயாகும்.

இனி, அக்கண்ணாடியின் வெளியோரத்தைக் கதவினின்று 35 சதமமீற்றருக்கு நீட்டுக. ட்ரெயிலரின் பக்கத்துக்கு 7.5 சதமமீற்றர் வெளியே அது நிற்கும். ட்ரெயிலரின் பின்மூலை 10 மீற்றர் பின்னே இருப்பின், பார்வைக்கோடு இப்பொழுது மீற்றருக்கு 0.75 சதமமீற்றர் வீதம் உள்நோக்கிச் சாயும். இரு பக்கக் கோடுகளும் கண்ணாடிக்குச் சுமார் 163 மீற்றர் பின்னே ஒன்றையொன்று வெட்டும். மறைவிடம் முடிவிலாத பரப்பாக இருந்த நிலை மாறி ஒரு முக்கோணமாகின்றது. வெளியோரத்தை 50 சதமமீற்றருக்குக் கொண்டு சென்றால் அம்முக்கோணத்தின் உச்சி 61 மீற்றருக்கு நெருங்கிவரும். பதினைந்து சதமமீற்றர், அதாவது ஆறு அங்குலம், செய்யும் வேலை இது. அதற்காக எல்லையின்றி நீட்டிக்கொண்டே போதலும் ஆகாது. எதிரே வரும் ஊர்தியையும் வீதியோரத்தில் நிற்பவரையும் தாக்கும் கரமாக அது மாறிவிடும். பிரித்தானியாவில் ட்ரெயிலரின் பக்கத்துக்கு அப்பால் 250 மில்லிமீற்றருக்கு மேல் கண்ணாடி நீளலாகாது என வரையறுத்திருப்பதும், ட்ரெயிலர் இன்றி ஓடும்போது மேலதிகக் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டுமென்று வற்புறுத்தப்படுவதும் இதுபற்றியே.

கொள்கலன் ஊர்தியைப் பொறுத்தவரை இக்குறை பெரிதும் எழுவதில்லை. 1956 ஏப்ரில் 26ஆந் திகதி மல்கம் மக்லீன் என்பவரின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நியூவார்க் துறையினின்று புறப்பட்டபின், பெட்டிகளின் அளவு படிப்படியாக ஒருமைப்படுத்தப்பட்டது. 1968இல் வகுத்த பன்னாட்டுத் தரத்தின்படி கொள்கலனின் அகலம் 8 அடி, அதாவது 2.44 மீற்றர். அதனை இழுக்கும் பிரைம் மூவரும் ஏறத்தாழ அதே அகலமுடையது; அதன் கண்ணாடிகள் தொடக்கத்திலேயே பெட்டிக்குப் புறம்பாக நிற்குமாறு அமைக்கப்படுகின்றன. சிறிய ஊர்தி தன்னினும் அகன்ற வண்டியை இழுக்கும்பொழுதே மேலதிகக் கண்ணாடி இன்றியமையாததாகின்றது.

அத்தகைய இழுவைக்குத் தலைசிறந்த உதாரணம், மேனாட்டார் விடுமுறைக் காலங்களில் காரின் பின்னே கொளுவிச் செல்லும் கரவான் என்னும் உறைவிட வண்டியாகும். பொழுதுபோக்குக்கென்றே செய்வித்த முதலாவது கரவான், கோர்டன் ஸ்ரேபிள்ஸ் என்னும் மருத்துவருக்காக 1885இல் பிறிஸ்ரல் நகரத்தில் உருவானது. அதனைக் குதிரைகள் இழுத்தன. இலங்கையின் வீதிகளில் கரவானைக் காண்பது அரிது. ஆயினும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கற்றுப் பின்னர் கனடா, அவுஸ்திரேலியா, பிரித்தானியா முதலிய நாடுகளிற் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல, கோடை விடுமுறையில் வாடகைக்கேனும் ஒரு கரவானை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைகளையும் காடுகளையும் நாடிச் செல்கின்றன. வாழ்நாளில் ஒருமுறையும் ட்ரெயிலரை இழுத்தறியாத ஒருவர், மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு, ஊர்தியிலும் அரை மீற்றர் அகன்ற வண்டியொன்றைக் கொளுவி நெடுஞ்சாலையில் ஏறுகின்றார். முகத்துவாரத்துக் கொள்கலன் சாரதி பல ஆண்டு தொழிற்பழக்கத்தாற் கற்றதை அவர் ஒரு காலைப்பொழுதிற் கற்றாக வேண்டும். பிரித்தானியச் சட்டம் அவரிடம் எதிர்பார்ப்பது, சாரதியின் கண்ணுக்கு 20 மீற்றர் பின்னே, ட்ரெயிலரின் இரு பக்கங்களிலும் 4 மீற்றர் அகலமான பரப்புத் தெரிய வேண்டும் என்பது.

இவ்விடத்தில், கண்ணாடியின் இடத்தைப் போலவே அதன் உருவமும் ஆராயத்தக்கது. தளவாடி பொருளைத் தன் அளவு மாறாது காட்டும். பின்னே வருவது எவ்வளவு தூரத்தில் வருகின்றது என்பதைக் கண் பிழையின்றி மதிக்கும். ஆனால் அதன் பார்வைப்புலம் குறுகியது. அப்புலத்தின் அகலம், ஆடியின் அகலத்தையும் கண்ணுக்கும் ஆடிக்கும் இடையிலுள்ள தூரத்தையும் பொறுத்தது. கண்ணுக்குத் தோன்றும் அகலம் 15 சதமமீற்றரான தளவாடி, 70 சதமமீற்றர் தூரத்தில் இருந்தால் 20 மீற்றர் பின்னே சுமார் 4.4 மீற்றர் அகலத்தைக் காட்டும். அதே ஆடியை 1.5 மீற்றர் தூரத்தில் வைத்தாற் காணக்கூடியது 2.15 மீற்றர் மாத்திரமே. இலங்கையில் சாரதி வலப்புறத்தில் அமர்கின்றார். இடப்புறக் கண்ணாடி அவருக்குத் தூரமானது. ஆகவே பாதசாரியும் துவிச்சக்கர வண்டியும் செல்லும் இடப்பக்கத்தையே அவர் குறைவாகக் காண்கின்றார். கனடாவிலும் அமெரிக்காவிலும் சாரதி இடப்புறத்தில் இருத்தலால் இந்நிலை வலப்பக்கத்துக்கு மாறும். கொழும்பிற் பழகியவர் அங்கு ஓட்டும்பொழுது இதனை முதலில் மனத்திற் பதித்துக்கொள்ளல் நன்று.

இக்குறையை நீக்கவே குவிவாடி வந்தது. அதன் விம்பம் மாய விம்பம், நிமிர்ந்தது, பொருளினும் மிகச் சிறியது. வளைவினாரை 1.2 மீற்றரான குவிவாடியின் குவியத் தூரம் 0.6 மீற்றர் ஆகும். அதனை 1.5 மீற்றர் தூரத்திலுள்ள இடப்பக்கத்தில் வைத்தால், முன்னர் 2.15 மீற்றராக இருந்த புலம் 7 மீற்றருக்கு மேல் விரிகின்றது. அதற்குக் கொடுக்கும் விலை தூரமாகும். உண்மையில் 20 மீற்றர் பின்னே வரும் லொறி, அவ்வாடியில் 70 மீற்றர் பின்னே வருவதைப் போன்ற சிறுமையோடு தோன்றும். அமெரிக்க ஊர்திகளின் பயணிப் பக்கக் குவிவாடியில், ஆடியிற் காண்பவை தோன்றுவதிலும் அண்மையில் உள்ளன என்ற எச்சரிக்கை பொறிக்கப்பட்டிருத்தல் பலரும் அறிந்ததே. இன்னும் வளைவு மிகுந்த, 30 சதமமீற்றர் வளைவினாரையுடைய ஆடியை எடுத்துக்கொண்டால் புலம் 22 மீற்றராகப் பெருகும். ஆனால் 20 மீற்றரில் உள்ள அதே லொறி 220 மீற்றருக்கு அப்பால் உள்ளது போலத் தோன்றும். இவ்வாடியைப் பார்த்துத் தூரத்தை மதிப்பிட முயல்வது வீண். அங்கே ஏதோ ஒன்று இருக்கின்றது என்ற செய்தியை மட்டும் அது தரும். அச்செய்தியும் உயிர்காக்கும் செய்தியே என்பதில் ஐயமில்லை.

ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழுவின் 46ஆம் ஒழுங்குவிதி, பெரிய ஊர்திகளின் தலைமைப் பக்கக் கண்ணாடிக்கு வளைவினாரை 1,200 மில்லிமீற்றரிற் குறையலாகாது எனவும், அகலப்புல ஆடிக்கு 300 மில்லிமீற்றரிற் குறையலாகாது எனவும் இரண்டையும் வேறுபடுத்தி விதித்திருப்பதன் காரணம் மேற்கூறிய கணக்கால் விளங்கும். ஒன்று தூரத்தை மதிக்க. மற்றையது மறைவிடத்தைத் தேட. ஒரே ஆடி இரண்டையும் செய்யும் என எதிர்பார்ப்பவர் இரண்டையும் இழப்பர். ஆகையால் மேலதிகக் கண்ணாடி வாங்குவோர், சாரதியின் பக்கத்துக்குத் தளவாடியையோ வளைவு குறைந்த குவிவாடியையோ, மறுபக்கத்துக்குக் குவிவாடியையோ தெரிந்தெடுத்தல் பொருந்தும். அவற்றின் மூலையில் சிறு வட்டக் குவிவாடியொன்றை ஒட்டிக்கொள்வது செலவு குறைந்த நல்ல துணை.

கொழும்பிற் பஞ்சிகாவத்தைக் கடைவீதியில் ஊர்தி உதிரிப்பாகங்களைத் தேடுவோர் அறிவர், கண்ணாடியின் வளைவினாரை கடைக்காரர் சொல்லும் செய்தியன்று. அதனை வாங்குபவரே அளந்தறியலாம். நேரான அடிமட்டமொன்றை ஆடியின் நடுவிலே தொடுமாறு குறுக்கே பிடித்தால், இரு முனைகளிலும் ஆடிக்கும் மட்டத்துக்கும் இடையே சிறு இடைவெளி தோன்றும். நடுப்புள்ளியினின்று முனைவரையுள்ள நீளத்தின் வர்க்கத்தை, அவ்விடைவெளியின் இருமடங்கால் வகுத்தால் வளைவினாரை கிடைக்கும். பதினைந்து சதமமீற்றர் அகலமான ஆடியில் அவ்விடைவெளி 2.3 மில்லிமீற்றர் அளவாயின் வளைவினாரை சுமார் 1.2 மீற்றர். இடைவெளி பெருகப் பெருக, ஆடி காட்டும் தூரத்தை நம்புதல் குறைய வேண்டும். அடுத்து, கடைக்கு எதிரேயுள்ள கட்டடத்தின் நேர்விளிம்பொன்றை ஆடியிற் பார்த்துக்கொண்டு தலையை மெல்ல அசைத்தல் வேண்டும். விளிம்பு நெளிந்து நெளிந்து ஓடுமாயின் அவ்வாடி செம்மையாக வார்க்கப்படாதது. மலிவான ஆடிகளிற் பல இச்சோதனையில் தோற்கும்.

பொருத்தும் முறைகளோ பலவாகும். ஊர்தியின் சொந்தக் கண்ணாடியின்மேல் நாடாவாலோ திருகாணியாலோ கவ்வும் வகை மிகவும் பரவியது, எளிதிற் கழற்றலாம். கதவின்மேல் உறிஞ்சுக் கிண்ணத்தாலும் கொக்கியாலும் நிற்கும் வகை வேறு. முன்சக்கரத்தின் மேலுள்ள மட்காட்டிற் பொருத்தும் வகையும் உண்டு. இவற்றுள் இறுதியானது, சாரதி தலையைத் திருப்பாது முன்கண்ணாடியூடாகவே பார்க்கத்தக்கதாதலால் களைப்பைக் குறைக்கும். ஜப்பானில் 1983 வரை கார்களுக்கு இவ்விடத்திலேயே கண்ணாடி வைக்கவேண்டியிருந்தமையைப் பழைய ஜப்பானியக் கார்களை நினைவுகூருவோர் அறிவர். ஆனால் அது கண்ணுக்கு மிகத் தூரமாதலால், மேற்காட்டிய கணக்கின்படி, அதன் புலம் சுருங்கும். அமெரிக்காவின் பெரிய பிக்கப் ஊர்திகளிற் காணப்படும், உள்ளிருந்து புறத்தே இழுத்து நீட்டத்தக்க கண்ணாடியே உறுதியில் மேலானது. அஃது ஊர்தியுடன் பிறந்த உறுப்பாகும், ஒட்டிய உறுப்பன்று.

உறுதி ஏன் இத்துணை வற்புறுத்தப்படுகின்றது? ஆடி ஒரு கோணத்தால் திரும்பினால் தெறிகதிர் அக்கோணத்தின் இருமடங்கால் திரும்பும் என்பது ஒளியியலின் தொடக்கப் பாடம். நீண்ட கரத்தின் முனையில் நிற்கும் ஆடி, காற்றாலும் வீதியின் மேடுபள்ளத்தாலும் அரைப் பாகை அதிர்ந்தாலும் தெறிகதிர் ஒரு பாகை அசையும். இருபது மீற்றர் பின்னே அது 35 சதமமீற்றர் ஆகும். துவிச்சக்கர வண்டியில் வரும் ஒருவர் அக்கலக்கத்திற் கரைந்துபோவதற்கு அது போதும். ஹரூன் தம் ஆடியிற் கண்டது இக்கலக்கமே. எனவே ஆடியைப் பொருத்தியபின் அதன் ஓரத்தை விரலால் தட்டிப் பார்த்தல் வேண்டும். உடனே அடங்காது நெடுநேரம் துடிக்குமாயின் கரத்தைக் குறுக்கவேண்டும், அல்லது இரண்டாவது தாங்கி வேண்டும். கடலோரத்தில் வாழ்வோர்க்கு இன்னொரு கவனம் உரியது. உப்புக் காற்று கவ்விகளின் திருகாணியைத் துருப்பிடிக்கச் செய்வதோடு ஆடியின் பின்பூச்சையும் ஓரத்தினின்று அரிக்கும். ஓரமே ட்ரெயிலருக்கு அப்பாற்பட்டதைக் காட்டும் பகுதியாதலால் அவ்வரிப்பு மிகச் சிறிதாயினும் பொறுக்கத்தக்கதன்று.

நிற்க. ஆடி எத்துணைச் சிறந்ததாயினும் தவறாகத் திருப்பி வைக்கப்படின் பயனில்லை. சீர்செய்யும் வரிசையும் முக்கியம். முதலிற் சாரதியின் இருக்கை. இருக்கை ஓரங்குலம் முன்பின் நகர்ந்தால் கண்ணின் இடம் மாறும். கண்ணின் இடம் மாறினால் முன்செய்த சீரமைப்பு அனைத்தும் பயனற்றுப்போகும். அடுத்து, ஊர்தியும் ட்ரெயிலரும் ஒரே நேர்கோட்டில், சமதரையில் நிற்றல் வேண்டும். சுமை ஏற்றியபின்னரே சீர்செய்தல் வேண்டும். ஏனெனில் சுமையால் ஊர்தியின் பின்புறம் தாழ முன்புறம் நிமிர்ந்து, ஆடியும் அதற்கேற்பச் சாயும். பின்பு உதவியாள் ஒருவர் ஆடியைத் திருப்ப, சாரதி இருக்கையில் இயல்பாகச் சாய்ந்திருந்தே பார்க்கவேண்டும். முன்னே குனிந்து எட்டிப் பார்த்து வைத்த ஆடி, ஓட்டும்பொழுது பொய் சொல்லும்.

தலைமை ஆடியில் அடிவானம் நடுவிலோ அதற்குச் சற்று மேலோ அமைய வேண்டும். உள்ளோரத்தில் ட்ரெயிலரின் பக்கம் ஒரு மெல்லிய கீற்றாக, ஆடியின் அகலத்திற் பத்தில் ஒரு பங்களவில், தெரிய வேண்டும். அக்கீற்று முற்றாக மறைந்தால் சாரதி தன் வண்டியின் எல்லையை அறியார். அதிகமானால் வீதியைப் பார்க்கவேண்டிய ஆடி பெட்டியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். சிறிய குவிவாடியைக் கீழ்நோக்கிச் சாய்த்து, ட்ரெயிலரின் சக்கரமும் அதனை அடுத்த நிலமும் தெரியுமாறு வைத்தல் வேண்டும். இவை முடிந்தபின், பலரும் செய்யாது விடும் ஒரு வேலை உண்டு. உதவியாள் கையில் வெண்துணியொன்றைப் பிடித்துக்கொண்டு ட்ரெயிலரைச் சுற்றி மெல்ல நடக்க, அவர் எவ்விடத்தில் ஆடியினின்று மறைகின்றார், எவ்விடத்தில் மீண்டும் தோன்றுகின்றார் என்பவற்றைச் சாரதி கூறக் கூற நிலத்திற் சுண்ணக்கட்டியாற் குறித்துக்கொள்ள வேண்டும். பின்பு சாரதி இறங்கிவந்து அக்குறிகளை ஒருமுறை சுற்றிப் பார்ப்பாராயின், தம் ஊர்தியின் மறைவிடம் எத்துணைப் பெரிது என்பதைக் கண்ணாரக் காண்பார். பிரைம் மூவரின் இடப்பக்கக் கதவுக்கு அருகிலும் முன்பம்பரின் அடியிலும் ஒரு பிள்ளை நின்று மறையத்தக்க இடம் உண்டென்பதை அறியப் பெரும்பாலும் இதனினும் எளிய வழியில்லை. இச்சோதனைக்குக் கால்மணி நேரம் செல்லும். வேறொரு ட்ரெயிலரைக் கொளுவும் ஒவ்வொரு தடவையும் அதனைத் திரும்பச் செய்தல் வேண்டும்.

இவ்வளவும் நேராக ஓடும் ஊர்தியைப் பற்றியன. கொழும்பின் வீதிகளில் இடர் விளையும் இடம் நேர்வீதியன்று, திருப்பம். ஊர்தி இடப்பக்கம் திரும்பத் தொடங்கியதும் ட்ரெயிலர் அதனோடு ஒரு கோணத்தில் மடிகின்றது. நேர்கோட்டில் வைத்துச் சீர்செய்த இடப்பக்க ஆடியில், அக்கணமே வீதி மறைந்து பெட்டியின் சுவர் நிறைகின்றது. வலப்பக்க ஆடியோ பெட்டியை முற்றாக விட்டுவிட்டு வெறும் வீதியைக் காட்டுகின்றது. மிகுதியாகப் பார்க்கவேண்டிய வேளையிலேயே இரு ஆடிகளும் வாய்மூடிவிடுகின்றன எனலாம். அதே வேளையில் ட்ரெயிலரின் பின்சக்கரங்கள், முன்சென்ற ஊர்தியின் தடத்தைப் பின்பற்றாது உட்பக்கமாக வெட்டிச் செல்கின்றன. இழுக்கும் முனை 12 மீற்றர் ஆரையுள்ள வட்டத்திற் செல்வதாகவும், அம்முனைக்கும் ட்ரெயிலரின் அச்சுக்கும் இடைத்தூரம் 8 மீற்றர் எனவும் கொண்டால், அதே வளைவு நீடிக்கும்பொழுது பின்சக்கரங்கள் சுமார் 9 மீற்றர் ஆரையிற் செல்லும். அதாவது 3 மீற்றர் உள்ளே. ஒரு சந்தியின் சிறு திருப்பத்தில் அது முழு அளவை எட்டாவிடினும், நடைபாதையின் விளிம்பில் நிற்பவரை அடைவதற்குப் போதியது. ஆடி காணாத இடத்தை நோக்கியே சக்கரம் நகர்கின்றது.

இதனாலேயே அனுபவமிக்க சாரதிகள் இடப்பக்கம் திரும்புமுன் சற்று வலத்தே ஒதுங்கி ஊர்தியை முன்னே செலுத்திய பின்னரே திருப்புகின்றனர். அவ்வாறு ஒதுங்குவதாற் பிறக்கும் இடைவெளியைத் தமக்கு விட்ட வழியெனக் கருதித் துவிச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் உட்புகுவது பெருந்தவறு. அகலப்புல ஆடி இவ்வேளையில்தான் தன் பயனைக் காட்டும். தலைமை ஆடி சுவரால் நிரம்பியபோதும் அதன் விரிந்த புலத்தின் ஒரு கீற்றில் பின்சக்கரமும் நடைபாதையும் எஞ்சியிருக்கும். கிளீனர் ஒருவர் உடனிருந்தால் அவரை இறக்கி இடப்பக்கத்தைக் காக்கச் செய்தல் இன்னும் மேலானது. ஆடி எத்தனை இருப்பினும் மனிதக் கண் ஒன்று வெளியே நிற்பதற்கு அவை ஈடாகா.

வீதியில் நடப்போருக்கும் ஒளியியல் ஓர் உதவி செய்கின்றது. ஒளிக்கதிர் செல்லும் பாதை மீளத்தக்கது; சாரதியின் கண்ணினின்று ஆடியிற் பட்டு ஒருவரை அடையும் பாதையும், அவர் கண்ணினின்று ஆடியிற் பட்டுச் சாரதியை அடையும் பாதையும் ஒன்றே. ஆகவே இங்குருகடே சந்தியிலோ வேறெவ்விடத்திலோ கொள்கலன் ஊர்தியொன்றின் பக்கத்தில் நிற்கும் மாணவன், அதன் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக நோக்கட்டும். எதிலேனும் சாரதியின் முகம் தெரிந்தால் சாரதியும் அவனைக் காண இயலும். அப்பொழுதும் அவர் அவ்வாடியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றாரா என்பது வேறு. ஒன்றிலும் முகம் தெரியாவிடின் அவன் நிற்பது மறைவிடம். விளக்கு மாறுவதற்கு முன்னரே அங்கிருந்து பின்வாங்கி, ட்ரெயிலரின் பின்மூலைக்கு அப்பால் நிற்பதே செய்யத்தக்கது.